காலேஜ் ஃபுட்பாலில் தப்பு நடந்தால் யார் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்கள் பலர், பிள்ளை சேர்ந்த முதல் வருடமே அந்தப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்கு ரசிகர்களாகிவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் அணியைப் பற்றி மோசமான செய்தி வரும். யார் விசாரிக்கிறார்கள், ஏன் இவ்வளவு இழுக்கிறது, தண்டனை ஏன் இப்படி ஏறுக்குமாறாக இருக்கிறது என்று கேட்பார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஃபுட்பால் என்று நான் சொல்வது தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நீள்வட்டப் பந்தோடு ஆடும் அமெரிக்க ஆட்டத்தை, நம் ஊர்க் கால்பந்தை அல்ல.

ஒரு கல்லூரி அணியின் ஒழுங்கு விவகாரம் நாடு முழுக்கப் பேசப்படும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

நான் இருப்பதும் ஒரு கல்லூரி ஊர்தான். செப்டம்பர் முதல் நவம்பர் கடைசி வரை சனிக்கிழமை காலையில் காய்கறி வாங்கப் போனால், கல்லாவில் நிற்கும் வயதான அம்மா முதல் வண்டி தள்ளும் பையன் வரை எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் இருப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் என்ற சின்ன ஊரில் இருக்கும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீவர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். ஊர்க்காரர்கள் எல்லோரும் போய் உட்கார்ந்தாலும் அது பாதிகூட நிறையாது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் ஆளுநருக்கோ பல்கலைக்கழகத் தலைவருக்கோ இல்லை, ஃபுட்பால் கோச்சுக்குத்தான். இவ்வளவு பணமும் பாசமும் குவிந்த இடத்தில் ஒரு புகார் எழுந்தால், அதை அமுக்கிவிட நினைக்கும் கைகளும் நிறைய இருக்கும்.

வீரர் ஒருவர் தப்பு செய்தால் தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு?

ஒருவரிடம் இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பயிற்சிக்கு நேரம் கழித்து வருவது, வகுப்புக்கு மட்டம் போடுவது போன்றவற்றைக் கோச் பார்த்துக்கொள்வார். விடியற்காலையில் ஓடவிடுவார், ஒரு ஆட்டத்தில் உட்காரவைப்பார். தேர்வில் காப்பியடித்தாலோ சக மாணவரை அடித்தாலோ மாணவர் ஒழுங்கு அலுவலகம் விசாரிக்க வேண்டும். பாலியல் புகார் என்றால் டைட்டில் நைன் அலுவலகம், அதாவது கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தின் பெயரில் இயங்கும் அலுவலகம். சட்டத்தை மீறினால் போலீஸ். இவை தவிர பிக் டென், எஸ்.இ.சி. என்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் தேசிய அமைப்பாக 1906-ல் தொடங்கிய என்.சி.ஏ.ஏ. இருக்கிறது.

செய்தியில் "அணி விதிகளை மீறியதால் சஸ்பெண்ட்" என்று ஒரு வரி வந்தால் கவனமாகப் படியுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டவருக்கும் அதே வரிதான், கைதானவருக்கும் அதே வரிதான். மேற்கொண்டு கேட்டால் மாணவர் தகவல்களைக் காக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் ஒரு மாணவர் வன்முறைக் குற்றம் செய்தார் என்று பல்கலைக்கழகமே முடிவுசெய்தால், அந்த முடிவை வெளியிட அதே சட்டம் அனுமதிக்கிறது. அனுமதிக்கிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை.

கோச்சுக்குத்தானே பையன்களைத் தெரியும்? அவரே முடிவெடுத்தால் என்ன?

பையன்களைத் தெரியும் என்பது உண்மை. சனிக்கிழமை ஜெயிக்க அந்தப் பையன் வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். விசிலும் தீர்ப்பும் ஒரே கையில் இருப்பதுதான் சிக்கல்.

1995-ல் நெப்ராஸ்கா அணியில் பந்தை ஏந்தி ஓடும் நட்சத்திர ஓட்டக்காரர் லாரன்ஸ் ஃபிலிப்ஸ், தன் முன்னாள் காதலியை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தாக்கிப் படிக்கட்டில் இழுத்துச் சென்றதற்காகக் கைதானார். அந்தப் பெண்ணும் அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வீராங்கனை. கோச் டாம் ஆஸ்பார்ன் ஃபிலிப்ஸை ஆறு ஆட்டங்கள் வெளியே வைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஃபுட்பாலின் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அந்தப் பையன் இன்னும் சீரழிவான் என்று ஆஸ்பார்ன் சொன்னார். அவர் அதை மனதார நம்பினார் என்றே நினைக்கிறேன். 1996 ஜனவரி 2 அன்று ஃபியெஸ்டா பவுல் இறுதி ஆட்டத்தில் ஃபிலிப்ஸ் ஓடினார், நெப்ராஸ்கா 62-24 என்று ஃபுளோரிடாவை வென்று பட்டம் வாங்கியது. ஃபிலிப்ஸ் 2016-ல் சிறையில் இறந்தார். கோச் கொடுத்த இரண்டாவது வாய்ப்பு அவரையும் காப்பாற்றவில்லை. அதே வளாகத்தில் அவர் எதிரில் நடக்க வேண்டியிருந்த பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதைவிட, ஓட்டக்காரருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியே பெரிதாக இருந்தது.

ஓக்லஹோமாவில் 2014 ஜூலையில் ஜோ மிக்ஸன் என்ற வீரர் ஒரு மாணவியை முகத்தில் குத்தி எலும்பு முறியச் செய்தார். ஒரு சீசன் முழுக்க அவரை வெளியே வைத்தார்கள், ஆனால் அணியை விட்டு நீக்கவில்லை. 2016 டிசம்பரில் அந்தக் காட்சியின் வீடியோ பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோதுதான் ஊர் கொதித்தது. இன்று நடந்திருந்தால் நீக்கியிருப்போம் என்று அப்போது கோச் பாப் ஸ்டூப்ஸ் சொன்னார். வீடியோவில் இருப்பது என்ன என்று அணிக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே தெரியும். இடையில் மாறியது ஒன்றுதான்: நாமும் பார்த்துவிட்டோம்.

என்.சி.ஏ.ஏ. தலையிட்டால் அணியையே மூடிவிடுவார்களாமே?

ஒரே ஒரு பெரிய அணிக்கு அது நடந்தது. டெக்சாஸின் டல்லஸ் நகரில் இருக்கும் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். அந்த அணியைத் தாங்கிப் பிடித்த பணக்கார ரசிகர்களை அங்கே பூஸ்டர்கள் என்பார்கள். அவர்கள் வீரர்களுக்கு ரகசியமாக மாதச் சம்பளம் கொடுத்துவந்தார்கள். 1985-ல் பிடிபட்டுத் தண்டனை வாங்கிய பிறகும் நிறுத்தவில்லை. ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பையன்களுக்கு மட்டும் கொடுத்து முடித்துவிடலாம் என்று மேலிடத்திலேயே பேசி முடிவெடுத்தார்கள். அந்தப் பேச்சில் இருந்த பல்கலைக்கழக ஆட்சிக்குழுத் தலைவர் பில் கிளெமென்ட்ஸ் 1987-ல் டெக்சாஸின் ஆளுநர். விஷயம் தனக்குத் தெரியும் என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

1987 பிப்ரவரி 25 அன்று என்.சி.ஏ.ஏ. அந்த வருட சீசனையே ரத்துசெய்தது. இதற்கு அங்கே "மரண தண்டனை" என்றே பெயர். அடுத்த வருடமும் ஆட ஆளில்லாமல் பல்கலைக்கழகமே அணியை நிறுத்திக்கொண்டது. 1989-ல் பச்சைப் பிள்ளைகளோடு திரும்பி வந்தபோது ஹூஸ்டனிடம் 95-21 என்று தோற்றது. சீசன் முடிவில் நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் பவுல் ஆட்டம் ஒன்றில் அது மறுபடி ஆட 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குற்றம் என்ன? 13 வீரர்களுக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர். அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள். இன்று நிலைமையே வேறு: 2025-இல் வந்த ஒரு நீதிமன்ற ஒப்பந்தத்தின்படி பல்கலைக்கழகங்களே தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு வருடம் 2 கோடி டாலருக்கும் மேல் நேரடியாகப் பங்கு கொடுக்கலாம்.

பணத்துக்கே அப்படி என்றால், வன்முறையை மறைத்தால் இன்னும் கடுமையாகத் தண்டிப்பார்கள் அல்லவா?

இல்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்கே பல நாள் பிடித்தது.

டெக்சாஸின் வேக்கோ நகரில் இருக்கும் பெய்லர், கிறிஸ்தவப் பாரம்பரியம் உள்ள தனியார் பல்கலைக்கழகம். நோஞ்சானாக இருந்த அதன் அணி கோச் ஆர்ட் பிரைல்ஸ் காலத்தில் 2013, 2014 இரண்டு வருடமும் பிக் 12 என்ற கூட்டமைப்பின் பட்டம் வாங்கியது, ஆற்றங்கரையில் புது ஸ்டேடியம் எழுந்தது. அதே வருடங்களில் அணி வீரர்கள் மீது பாலியல் வன்முறைப் புகார்கள் குவிந்தன, சிலர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு சட்ட நிறுவனத்தை வைத்துப் பல்கலைக்கழகம் நடத்திய விசாரணையின் சுருக்கம் 2016 மே மாதம் வெளியானது. சில சம்பவங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணையோ பெற்றோரையோ ஃபுட்பால் ஊழியர்களே நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். பேசிவிட்டு, தகவலை உரிய அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. அணி தனக்கென்று உள்ளுக்குள் ஒரு தனி ஒழுங்கு முறையை நடத்திவந்தது என்றும் சுருக்கம் சொல்கிறது. மகளுக்கு நேர்ந்ததைச் சொல்ல எதிரில் உட்கார்ந்த பெற்றோருக்கு, கேட்டுக்கொண்டிருப்பவரின் வேலையே அந்த அணியை ஜெயிக்கவைப்பது என்று தோன்றியிருக்குமா? பிரைல்ஸ் போனார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டார் பதவி இழந்தார். முழு அறிக்கை எழுத்தில் வரவே இல்லை. ஆட்சிக்குழுவிடம் வாய்வழியாகத்தான் சொன்னார்கள்.

என்.சி.ஏ.ஏ.வின் தீர்ப்பு 2021 ஆகஸ்டில் வந்தது. பெய்லர் ஒழுக்க ரீதியாகத் தவறிவிட்டது, ஆனால் பாலியல் வன்முறைப் புகாரைத் தெரிவிக்காமல் விட்டதில் எங்கள் விதி எதையும் மீறவில்லை என்றது. காரணம் கேளுங்கள். ஃபுட்பால் வீரர்களுக்கு மட்டும் தனிச் சலுகை காட்டியிருந்தால் அது விதிமீறல். பெய்லரோ எந்த மாணவர் மீதான புகாரையும் ஒழுங்காக விசாரிக்கவில்லை. எல்லோரையும் ஒன்றுபோலக் கைவிட்டதால் சலுகை என்று எதுவும் இல்லையாம். மிகுந்த மனத்தயக்கத்தோடு இந்த முடிவுக்கு வந்ததாகத் தீர்ப்புக் குழுவே எழுதியது. வேறு சிறு மீறல்களுக்காக நான்கு வருடக் கண்காணிப்பும் 5,000 டாலர் அபராதமும் விதித்தார்கள்.

அந்த விதிப்புத்தகம் எழுதப்பட்ட நோக்கம் வேறு. ஒரு அணி மற்ற அணியைவிடக் குறுக்கு வழியில் முந்தக்கூடாது என்பதற்காக எழுதினார்கள். யார் காசு கொடுத்து ஆள் பிடித்தார், யார் விதித்ததைவிட அதிக நேரம் பயிற்சி கொடுத்தார் என்றுதான் அது பார்க்கும். ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை அளக்க அதில் கோலே கிடையாது.

பென் ஸ்டேட்டில் மட்டும் என்.சி.ஏ.ஏ. கடுமையாக நடந்துகொண்டதே?

நடந்துகொண்டது, பிறகு பின்வாங்கியது. ஜெர்ரி சாண்டஸ்கி அங்கே பல காலம் துணைக் கோச். 1999-ல் ஓய்வுபெற்ற பிறகும் அணிக் கட்டடத்துக்குள் அவர் தாராளமாகப் போய்வர முடிந்தது. சிறுவர்களுக்கு உதவ என்று தானே தொடங்கிய ஒரு தொண்டு அமைப்பின் வழியாகப் பழகிய பையன்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். 2011 நவம்பரில் கைதாகி, 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார்.

பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்து, எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் லூயிஸ் ஃப்ரீ நடத்திய விசாரணையின் அறிக்கையில் ஒரு பகுதியை என்னால் மறக்க முடியவில்லை. 2000-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி அணியின் குளியலறையில் சாண்டஸ்கி ஒரு சிறுவனிடம் நடந்துகொண்டதைப் பார்த்துவிட்டு, நடுங்கிப்போய்ச் சக தொழிலாளிகளிடம் சொல்கிறார். அவர்கள் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தை நடத்துவதே ஃபுட்பால்தான் என்று அவர்களில் ஒருவர் பின்னர் விசாரணையில் சொன்னார். ராத்திரி ஷிஃப்டில் தரை துடைப்பவருக்குத் தெரிந்த அதிகாரக் கணக்கு அது. அடுத்த ஆண்டு ஒரு இளம் உதவியாளர் பார்த்ததைத் தலைமைக் கோச் ஜோ பட்டெர்னோவிடமே சொன்னார். பட்டெர்னோ தன் மேலதிகாரியிடம் சொன்னார். போலீசுக்குப் போகவில்லை.

46 சீசன் தலைமைக் கோச்சாக இருந்த பட்டெர்னோவை 2011 நவம்பரில் நீக்கினார்கள். 2012 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேடியத்துக்கு வெளியே நின்ற அவரது வெண்கலச் சிலையை, வேலி அடைத்து மறைத்துவிட்டுப் பெயர்த்தெடுத்தார்கள். ஒற்றை விரலை உயர்த்தியபடி வீரர்களோடு ஓடிவரும் சிலை அது. மறுநாள் என்.சி.ஏ.ஏ. 6 கோடி டாலர் அபராதமும் நான்கு வருட பவுல் தடையும் விதித்து, 1998 முதல் பெற்ற வெற்றிகளையும் கணக்கிலிருந்து அழித்தது. இரண்டே வருடத்தில் தடையை விலக்கினார்கள். 2015 ஜனவரியில் வெற்றிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள். தன் வழக்கமான விசாரணைமுறையைத் தாண்டிக் குதித்துத் தண்டித்ததால், நீதிமன்றத்தில் கேள்வி வந்தபோது என்.சி.ஏ.ஏ.வுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. பல்கலைக்கழகத் தலைவர் உட்பட மூன்று மேலதிகாரிகளை 2017-ல் சிறுவர்களை ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றத்துக்காகத் தண்டித்தது நீதிமன்றம்தான்.

ஒழுங்கு என்ற பேரில் வீரர்களை வதைப்பதும் உண்டா?

உண்டு. இது பேசப்படும் அளவு குறைவு என்பது என் வருத்தம். மேரிலாந்து அணியில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயதுப் பையன். 2018 மே 29 அன்று பயிற்சியில் 110 கஜ ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். ஓடும்போதே அவரால் நிற்க முடியவில்லை. உடல் அனலாகக் கொதிப்பவரைப் பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பாலபாடம். அதைச் செய்யவில்லை. அறிகுறி தெரிந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. ஜூன் 13-ல் இறந்துபோனார்.

அணியில் அவமானப்படுத்துவதும் மிரட்டுவதும் வழக்கமாக இருந்தன என்று செய்திகள் வந்தன. வாயைத் திறக்கப் பயந்ததால் பிரச்சினைகள் புரையோடின என்று விசாரணைக் குழு எழுதியது. அதன் பிறகும் ஆட்சிக்குழு அக்டோபர் 30 அன்று கோச் டி.ஜே. டர்கினைத் திரும்ப வேலைக்கு வைத்தது. மாணவர்கள் கொந்தளித்தார்கள். மறுநாளே பல்கலைக்கழகம் அவரை நீக்கியது.

ராகிங் நடக்கிறதா?

நடக்கிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2023 ஜூலையில் விசாரணை முடிந்ததும் கோச் பேட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு முதலில் இரண்டு வாரம் சம்பளமில்லா சஸ்பென்ஷன்தான். அடுத்த நாள் மாணவர் நடத்தும் பத்திரிகை, ராகிங்கில் என்னென்ன நடந்தது என்று ஒரு முன்னாள் வீரர் சொன்னதை வெளியிட்டது. இரண்டு நாளில் கோச்சை நீக்கிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார், 2025-ல் சமரசமானது. எந்த வீரரும் அவரிடம் ராகிங் பற்றிப் புகார் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று பல்கலைக்கழகம் அப்போது ஒப்புக்கொண்டது. அவசரத்தில் நீக்கினாலும் தொல்லை, அலட்சியமாக விட்டாலும் தொல்லை. முதல் நாளே முழு உண்மையை வெளியே வைத்திருந்தால் இரண்டும் நேர்ந்திருக்காது.

பவுல் தடை விதித்தால் தப்பே செய்யாத பையன்கள்தானே தண்டனை அனுபவிக்கிறார்கள்?

ஆமாம். ஒஹையோ ஸ்டேட் வீரர்கள் சிலர் பட்டப் பரிசுகளையும் சட்டைகளையும் விற்று டாட்டூ குத்திக்கொண்ட விவகாரத்தில், தெரிந்தும் மறைத்த கோச் ஜிம் டிரெஸ்ஸல் 2011-ல் விலகினார். அடுத்த வருடம் புதுக் கோச்சோடு ஆடிய அணி 12 ஆட்டங்களையும் வென்றும் தடையால் வீட்டில் உட்கார்ந்தது. இப்போது போக்கு மாறியிருக்கிறது. டென்னசி அணியின் 200-க்கும் மேற்பட்ட மீறல்களுக்கு 2023-ல் பவுல் தடை போடாமல் 80 லட்சம் டாலருக்கும் மேல் அபராதம் போட்டார்கள். கோச்சைப் பிடிக்கும் ஆணையும் ஒன்று உண்டு. குறிப்பிட்ட வருடங்களுக்கு அவரை வேலைக்கு எடுக்கும் எந்தக் கல்லூரியும் என்.சி.ஏ.ஏ.விடம் காரணம் சொல்லியாக வேண்டும். டென்னசி கோச்சாக இருந்த ஜெரமி புரூயிட்டுக்கு அப்படி ஆறு வருடம் கிடைத்தது.

ஒரு கல்லூரி நீக்கிய வீரர் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட முடியாதா?

முன்பு சுலபம். ஜார்ஜியா நீக்கிய வீரர் ஒருவரை 2015-ல் அலபாமா சேர்த்துக்கொண்டு எதிர்ப்பைச் சம்பாதித்தது. அதே வருடம் எஸ்.இ.சி. விதி கொண்டுவந்தது: பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை போன்ற கடும் குற்றத்துக்காக நீக்கப்பட்டவரை உறுப்புக் கல்லூரிகள் எடுக்கக்கூடாது. 2022 முதல் என்.சி.ஏ.ஏ. வீரர்கள் ஒவ்வொரு வருடமும் தங்கள் மேல் இத்தகைய விசாரணையோ தண்டனையோ உண்டா என்று எழுதிக்கொடுக்க வேண்டும். ஆனால் இப்போது வீரர்கள் வருடாவருடம் அணி மாறுகிறார்கள். சேர்க்கிற கல்லூரி பழைய கல்லூரிக்கு ஃபோன் போட்டு விசாரித்தால்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர்.

குற்றம் சாட்டப்பட்ட பையனுக்கு நியாயம் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். 2006-ல் டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடும் ஆட்டம்) அணி வீரர்கள் மூவர் மீது பாலியல் வன்முறை வழக்குப் போட்டார்கள். அணியின் சீசன் ரத்தானது, கோச் பதவி இழந்தார். மறுவருடம் மூவரும் நிரபராதிகள் என்று மாநில அட்டர்னி ஜெனரலே அறிவித்தார். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் தொழில் உரிமத்தை இழந்தார். முடிவு வரும்வரை ஆட்டத்திலிருந்து ஒதுக்கிவைப்பது வேறு, குற்றவாளி என்று முத்திரை குத்துவது வேறு. வீரருக்கும் ஆலோசகர் வேண்டும், குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும், மேல்முறையீடு வேண்டும். இதெல்லாம் ஒழுங்கு அலுவலகத்தில்தான் கிடைக்கும், கோச்சின் அறையில் கிடைக்காது.

என் பிள்ளை அப்படியொரு வளாகத்தில் படிக்கிறாள். ஏதாவது நடந்தால் யாரிடம் போவது?

அணியைச் சேர்ந்த யாரிடமும் முதலில் போக வேண்டாம். கோச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. காயமோ பாலியல் தாக்குதலோ என்றால் முதலில் மருத்துவமனை. தடயம் அங்கேதான் பத்திரமாகும், போலீசில் புகார் கொடுப்பதா என்பதைப் பிறகு முடிவுசெய்யலாம். பேராசிரியரிடமோ விடுதிப் பொறுப்பாளரிடமோ சொன்னால் அவர்கள் மேலே தெரிவித்தாக வேண்டிய கட்டாயம் பல இடங்களில் உண்டு. ரகசியமாகப் பேச வேண்டும் என்றால் வளாகத்தின் மனநல ஆலோசகரைப் பாருங்கள். புகாரை டைட்டில் நைன் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட பிரதி வாங்குங்கள். 1972-ல் வந்த அந்தச் சட்டம் குடியுரிமை பார்ப்பதில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்த மாணவிக்கும் அதே பாதுகாப்பு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒன்று செய்யலாம். லீஹை பல்கலைக்கழக விடுதியில் 1986-ல் ஜீன் கிளரி என்ற மாணவி கொல்லப்பட்டார். அவரது பெற்றோர் போராடி 1990-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, ஒவ்வொரு கல்லூரியும் அக்டோபர் 1-க்குள் வருடாந்திரப் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். கடந்த மூன்று வருடக் குற்ற எண்ணிக்கை அதில் இருக்கும். எண்ணிக்கை அதிகமாக இருப்பதைப் பார்த்துப் பயந்து ஓடாதீர்கள். முப்பதாயிரம் பேர் படிக்கும் இடத்தில் பாலியல் குற்றம் என்ற வரிசையில் மூன்று வருடமும் பூஜ்யம் இருந்தால்தான் சேர்க்கை அலுவலகத்துக்கு ஃபோன் செய்து கேட்க வேண்டும்: "உங்களிடம் யாரும் புகார் சொல்வதே இல்லையா?"